சாட்சி பஸ்ஸில் போகக் கூடாது

கொளஞ்சிக்கு வேலை போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவன் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. அது அவனுடையது இல்லை, சங்கத்துடையது. சங்கம் என்று அப்போது என்ன மிச்சம் இருந்தது என்று கேட்டால், அந்த வண்டி, அதைத் துடைக்கிற கொளஞ்சி, வழக்கில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர். அவ்வளவுதான். பானெட் மூக்கில் கொடி கட்டுகிற கம்பி மட்டும் விறைப்பாக நின்றது. கொடி வெயிலில் நைந்து எப்போதோ போய்விட்டது.

1998-ல், அரியலூர் பக்கத்துச் சிமெண்டு ஆலை ஒன்றில், மூட்டை நகர்கிற பெல்ட் அறுந்தது. பதினோரு பேர் சேர்ந்து கத்தி போட்டு அறுத்தார்கள் என்றது கம்பெனி. பதினோரு பேரையும் வெளியே தள்ளியது. அதில் கொளஞ்சி ஒருவன். பதினாறு நாள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெரம்பலூர் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். பிறகு திருச்சி கோர்ட்டில் வழக்கு. அரியலூரைத் தனி மாவட்டம் என்று அறிவித்தார்கள். ஒன்றேகால் வருஷத்தில் இல்லை என்று பெரம்பலூரோடேயே சேர்த்தார்கள். வழக்கு மட்டும் அதே மேஜையில் கிடந்தது. பதினோரு பேரில் இரண்டு பேர் செத்தார்கள். ஆறு பேர் கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு விலகினார்கள். மிச்சம் மூன்று.

அந்த மூன்று பேருக்கும் ஒரே பிடிமானம் பாப்பாயி. பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுகிற கான்ட்ராக்ட் வேலைக்காரி. பெல்ட் தானாக அறுந்ததை நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஒட்டுப் போட்ட இடம் மூன்று நாளாகப் பிரிந்துகொண்டிருந்ததைக் கண்டதும், அதை ஃபோர்மேனிடம் சொன்னதும் அவள்தான். 2004 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு அவள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

"இதான் கடைசி வாய்தா. அந்தம்மா வரலைன்னா சாட்சிய முடிச்சுருவாங்க. அப்பறம் நான் வாதாடுறதுக்கு ஒண்ணுமில்ல" என்று திங்கட்கிழமை சாயங்காலம் அரியலூரில் வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அவரைப் பார்த்துத் திரும்புகிற வழியில்தான் வண்டி கொதித்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போய்வருகிற ரப்பர் குழாய், அடி ஓஸ், கழுத்துப் பக்கம் வாய் பிளந்திருந்தது. கொளஞ்சி பதறவில்லை. சங்கத்துக் காலத்தில் வாங்கிய புது ஓஸ் ஒன்று டிக்கியில் கிடந்தது. இரண்டு கிளிப்பைக் கழற்ற வேண்டும், பழையதை உருவ வேண்டும், புதியதை மாட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துத் தூங்கினான். நன்றாகவே தூங்கினான்.

காலை ஐந்தரைக்குக் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தான். என்ஜின் பக்கத்துக் கிளிப், திருப்புளியை வைத்து நாலு திருகு திருகியதும் வந்துவிட்டது. ரேடியேட்டர் பக்கத்துக் கிளிப் அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, கண்ணிலேயே படவில்லை. ஓஸின் கழுத்தைச் சுற்றி, முழங்கை முறிந்தவனுக்குக் கட்டிய மாவுக்கட்டு மாதிரி, கருத்த பாறையாக ஒன்று இருந்தது. மேலே கிரீஸும் எண்ணெய்ப் பிசுக்கும். அதைத் துணியால் துடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். நகத்தால் சுரண்டினால் நகம் உடைந்தது.

"சிமெண்டு" என்றான் கொளஞ்சி, தனக்குத்தானே. "கம்பெனித் தூசி. ஒழுகுன தண்ணில ஒட்டி ஒட்டி எறுகிப் போயிருக்கு. மனுசன் நெஞ்சுல ஏறுனது பத்தாதுன்னு வண்டி மேலயும் ஏறிருக்கானுவ."

அடித்து உடைக்கவும் வழியில்லை. கிளிப்புக்கு உள்ளே இருப்பது மெல்லிய பித்தளைக் கழுத்து. ஓங்கி ஒரு அடி விழுந்தால் ஈயப் பற்று விட்டுப்போகும், அப்புறம் ரேடியேட்டரே போச்சு. சின்ன உளியை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, மல்லாந்து படுத்தபடி பொட்டுப் பொட்டாகப் பெயர்த்தான். பெயர்ந்ததெல்லாம் கண்ணில் விழுந்தது.

ஆறரைக்குப் பாப்பாயி வந்துவிட்டாள். தன் ஊரிலிருந்து இரண்டு மைல் நடந்து வந்திருந்தாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த நீலச் சேலை, கையில் பை, பைக்குள் இரண்டு பொட்டலம் புளிச்சோறு. வந்ததும் நின்று இருமி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"என்னா தம்பி, வண்டி படுத்துருச்சா?"

"படுக்கலக்கா. ஒரே ஒரு கிளிப்பு. பத்து நிமிஷம். நீங்க உக்காருங்க."

"பத்து நிமிஷமாம்" என்றாள் கொளஞ்சியின் மனைவி சாந்தா, டீத்தம்ளரைப் பாப்பாயி கையில் கொடுத்தபடி. "அஞ்சரை மணிலேந்து அந்தப் பத்து நிமிஷந்தான் ஓடிக்கிட்டிருக்கு. குடிங்கக்கா, ஆறிடும்."

ஏழு மணி ஆனது. கிளிப்பின் ஸ்குரூ தலை ஒரு மிளகு அளவுக்கு வெளியே தெரிந்தது. கொளஞ்சி திருப்புளியை அதில் வைத்து முழு பலத்தையும் கொடுத்தான். தலையில் இருந்த காடியை விட்டுத் திருப்புளி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை காடியே தேய்ந்து, தலை மொழுமொழு என்று ஆகிவிட்டது. வாயில் வந்த ஒரு கெட்ட வார்த்தையை, பாப்பாயி இருப்பது ஞாபகம் வந்து, பாதியில் விழுங்கினான்.

சாந்தா குனிந்து பார்த்தாள். "ஏங்க, இங்க பாருங்க. ஏழு பத்து பஸ்ஸு வந்துரும். அதுல அரியலூரு போனா எட்டு மணி திருச்சி பஸ்ஸப் புடிச்சுரலாம். அக்காவக் கூட்டிக்கிட்டு நீங்களும் ஏறிப் போங்க. வண்டி எங்கயும் ஓடிப் போவாது. அதான் பாத்தாலே தெரியுதே."

"சாட்சி பஸ்ஸுல போவக் கூடாது" என்றான் கொளஞ்சி, அடியிலிருந்து.

இது சங்கத்தின் தீர்மானம். முதல் சாட்சி ஒருவன், கேட்டில் நிற்கிற வாட்ச்மேன். திருச்சிக்குப் பஸ்ஸில் போனான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "வாங்க மாமா, டிபன் சாப்புட்டுப் போவலாம்" என்று யாரோ தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார்கள். கூண்டில் ஏறியபோது அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. தன் டியூட்டி எந்த ஷிப்ட் என்பதுகூட. அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, இனி சாட்சியைச் சங்கத்து வண்டியில்தான் ஏற்றிப் போய், சங்கத்து வண்டியில்தான் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தது. முதலில் கை தூக்கியவன் கொளஞ்சி.

"நீங்கதான் கூடப் போறீங்களே, அப்பறம் எவன் தோள்ல கை போடப் போறான்?" என்றாள் சாந்தா.

"உனக்குப் புரியாது. நாங்க பஸ்ஸுலேந்து எறங்கி நடந்து வரத கம்பெனி வக்கீலு பாத்தான்னு வையி, சங்கம் செத்துப் போச்சுன்னு முடிவு கட்டிருவான். இந்த வண்டி கோர்ட்டு வாசல்ல போயி நிக்கணும். அவன் பாக்கணும்."

"சங்கம் செத்தது அவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னம் யாரும் சொல்லல."

சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது. ஏழு பத்து வந்தது, முக்கில் நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. பாப்பாயி பையை மடியில் வைத்தபடி, பஸ் போவதைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு டீத்தம்ளரைக் கழுவி வைத்தாள்.

ஏழரை மணிக்குப் பூமாலை டிவிஎஸ் 50-ல் வந்து நின்றான். கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் ஒருவன். இப்போது ஊருக்குள் பால் எடுக்கிறான். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைப் பார்த்தான்.

"அண்ணே! இன்னமும் சங்கத்துக்கு அடியிலதான் படுத்துருக்கீங்களா?"

"போடா, கையெழுத்துப் போட்டவனே."

"சரி, நான் போட்டவன்தான். என் டிவிஎஸ்ஸு போடலயே, அது ஓடும். இன்னைக்கு வாய்தான்னு சாந்தாக்கா சொன்னாங்க. பாப்பாயிக்காவ ஏத்திக்கிட்டுப் போயி எட்டு மணி பஸ்ஸுல வுட்டுர்றேன். வாங்கக்கா, பால் கேனு வெக்கிற எடத்துல குந்திக்குங்க. கொஞ்சம் மொச்ச நாத்தம் அடிக்கும், பொறுத்துக்குங்க."

பாப்பாயி எழுந்தாள். பையை எடுத்தாள். கொளஞ்சி வண்டிக்கு அடியிலிருந்து சரசரவென்று வெளியே வந்தான். முகம் முழுக்கச் சாம்பல், அதில் வேர்வை ஓடிக் கோடு கோடாக இருந்தது. கையில் சுத்தியல்.

"இவங்கள நீ எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்னு எனக்குத் தெரியும்டா. பஸ் ஸ்டாண்டுக்கா போவ? நேரா கம்பெனி ஆபீசுக்குப் போவ. எவ்வளவு தரேன்னான்?"

பூமாலை சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடினான்.

"பதினாறு நாளு ஒரே பந்தல்ல, ஒரே பாயில கெடந்தோம்ணே" என்றான். "எம் பொண்ணுக்குக் காச்ச வந்தப்ப நீங்கதான் இந்த வண்டில தூக்கிக்கிட்டுப் போனீங்க. அத நெனச்சுதான் வந்தேன்." வண்டியை உதைத்துக் கிளப்பினான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

பாப்பாயி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏந் தம்பி, அவன் நல்லாத்தானே பேசுனான்?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. சங்கத்துல ரூலு இருக்கு."

"ரூலு போட்டப்ப என்னையக் கேட்டீங்களா?"

"கமிட்டில போட்டதுக்கா."

"நான் கமிட்டில இருந்தனா?"

கொளஞ்சி "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கோணியில் படுத்தான்.

எட்டேகாலுக்குக் கிளம்பினால்கூட வண்டி பத்தேகாலுக்குத் திருச்சி போய்விடும். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் தட்டினான். எட்டேகால் ஆனது. எட்டரையும் ஆனது. ஓரமாக உளியை நுழைத்து நெம்பியபோது, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சில்லு மொத்தமாகப் பெயர்ந்து அவன் நெஞ்சில் விழுந்தது. தூக்கி எறியப் போனவன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

தூசி அப்படி ஒட்டாது. சில்லுக்குள்ளே கோணிச் சணல் இழை இழையாக ஓடியது. ஒரு பக்கத்தில் பள்ளமாக ஒரு பெருவிரல் அழுத்திய தடம். ரேகைகூடத் தெரிந்தது. குறுக்கே ஒரு வெட்டு. கொளஞ்சி தன் வலது பெருவிரலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. அந்த வெட்டு அவனுக்குப் பதினெட்டு வயசில் விழுந்தது.

அந்த ஊர்ப் பக்கம் எல்லாரும் செய்கிற வேலைதான். பக்கெட் ஓட்டையா, சிமெண்டு. தொட்டி விரிசலா, சிமெண்டு. பல்லில் ஓட்டை விழுந்தால்கூடச் சிமெண்டை வைத்து அடைக்கிறவர்கள் என்று பெரம்பலூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பந்தலின் ஏழாம் நாள், கலெக்டரிடம் மனு கொடுக்கக் கிளம்பியபோது இந்தக் கிளிப் ஒழுகியது. புதுக் கிளிப் மாட்ட நேரமில்லை. யாரோ ஒரு கை சிமெண்டு கொண்டுவந்தார்கள். சணலைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து, கிளிப்போடு சேர்த்துச் சுற்றிப் பூசி, பெருவிரலால் அழுத்தி விட்டவன் கொளஞ்சி. "இனிமே ஜென்மத்துக்கும் ஒழுகாது" என்று சொன்னவனும் அவன்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு வண்டி ஓடியதைவிட நின்றதே அதிகம். பூசியதும் அவனுக்கு மறந்து போயிற்று.

அந்த நாளில் நடந்த இன்னொன்றும் இப்போது ஞாபகம் வந்தது. பூச்சு ஈரம் காயாமல் வண்டி கிளம்பி, கேட்டைத் தாண்டியதும், பாப்பாயியும் இன்னும் ஆறு பெண்களும் கை காட்டி நிறுத்தினார்கள். பதினோரு பேரைத் தள்ளிய அதே நாளில்தான் அவர்களையும் கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்தியிருந்தான். மனுவில் தங்கள் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்த தலைவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுகிற கொளஞ்சிதான் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "கான்ட்ராக்ட் ஆளுங்க பேரு இருந்தா கேசு நிக்காதுக்கா. மொதல்ல பர்மனெண்ட் ஆளுங்க உள்ள போவட்டும். அப்பறம் உங்களப் பாத்துக்கலாம். பத்து நாளு பொறுத்துக்குங்க."

பாப்பாயி சன்னலிலிருந்து கையை எடுத்தாள். வண்டி போனது. அந்தப் பத்து நாள் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

சில்லைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தான் என்று அவனுக்கே தெரியாது. முக்கில் பஸ் ஹாரன் அடித்தது. எட்டு நாற்பது. சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே தவழ்ந்து வந்தபோது வாசல் காலியாக இருந்தது. சாந்தா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"அக்கா போயிருச்சு. உங்க சோத்த வெச்சுட்டுப் போயிருக்கு."

"ஏன்டி விட்ட? இந்த பஸ்ஸு போய்ச் சேரப் பதினொண்ணரை ஆயிரும்! கோர்ட்டு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதேடி!"

"கேட்டுக்கிட்டுப் போவுதாம். இங்க உக்காந்து உங்க காலப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவலன்னுச்சு."

கொளஞ்சி இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைப் பாதியாக ஒடித்தான். ஒரு முனையில் துணியைச் சுற்றினான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் அந்தச் சந்தில் கை ஒரு அங்குலத்துக்கு மேல் போய்வராது, பொறுமை வேண்டும். வேண்டாத நேரத்தில் அவனுக்கு அது வந்தது. ஒரு அங்குலம் முன்னே, ஒரு அங்குலம் பின்னே. விரல் முட்டியெல்லாம் ரத்தம். ஒன்பதேகாலுக்குக் கிளிப்பின் தகடு 'டக்' என்று விட்டது. பழைய ஓஸை முறுக்கி உருவினான். கழுத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தான், புது ஓஸைச் சொருகினான், டிக்கியில் இருந்த வேறு கிளிப்பைப் போட்டு முடுக்கினான். சாந்தா நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முகம் கழுவாமல் கிளம்பினான். வழியில் எந்தப் பஸ்ஸைக் கண்டாலும் சன்னல் சன்னலாகத் தேடினான். நீலச் சேலை தெரியவில்லை.

கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பதினொன்றே முக்கால். கம்பெனி வக்கீல் அங்கே இல்லை. வேலையை முடித்துவிட்டு எப்போதோ போயிருந்தார். கொடிக்கம்பி வைத்த அம்பாசடரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்கள் வக்கீல் மட்டும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி வந்தார்.

"ரெண்டு தடவ கூப்புட்டாங்க கொளஞ்சி. பத்தே முக்காலுக்கு ஒருவாட்டி, பதினொண்ணேகாலுக்கு ஒருவாட்டி. சாட்சி முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. அந்தம்மா அதுக்கப்பறம் கா மணி நேரங் கழிச்சு ஓடி வருது. நான் என்னா பண்ணட்டும்?"

"வண்டி... ஒரு கிளிப்பு சார்..."

"என்னா?"

"ஒண்ணுமில்ல சார்."

பாப்பாயி சுவரோரம் நின்று இருமிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். நீலச் சேலை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வழியில் யாரும் அவள் தோளில் கை போடவில்லை. டிபன் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவளை யாருக்கும் தெரியவே தெரியாது.

கொளஞ்சி அவளுக்கு எதிரே போய் நின்றான்.

"சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸுல சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள் பாப்பாயி. "ஒரு வார்த்த வுடாம இருந்துச்சு. இன்னம் இருக்கு. யாருகிட்ட சொல்ல?"

"அக்கா, அப்பீலு ஒண்ணு..."

"அதுக்கும் பொறுத்துக்கணுமா?"

கொளஞ்சியின் சட்டைப் பையில் அந்தச் சில்லு கனத்தது. எடுத்துக் காட்டலாமா என்று கை போனது. காட்டி என்ன சொல்வது? கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"வண்டில ஏறுங்கக்கா. வூட்டுல எறக்கி விட்டுர்றேன்."

"வேணாம் தம்பி. சாட்சி சொல்ல வந்தாத்தானே அந்த வண்டி. நான்தான் சாட்சி இல்லன்னு எழுதிட்டாங்களே." பையை இடுக்கிக்கொண்டாள். "நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்."

நடந்தாள். கொளஞ்சி வண்டியை எடுத்து, அவள் பின்னாலேயே ஊர்ந்தான். பின்கதவைக் கை எக்கித் திறந்து பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் ஓரமாகவே போய், பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தாள். கொளஞ்சி கதவைச் சாத்தினான். இறங்கி, பழக்கதோஷத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பொட்டலத்தை முன்சீட்டிலிருந்து எடுத்தான். புளிச்சோறு வெயிலில் சூடேறியிருந்தது. கையைக் கழுவாமலேயே தின்று முடித்துவிட்டு, காலி வண்டியை அரியலூர் ரோட்டில் திருப்பினான்.